ஸ்லோ நிக்காத புல்லட்டும், கார்ப்பு மேல விழுற பழியும்



பழைய புல்லட்டை வாங்கி, லட்ச ரூவாய்க்கு மேல செலவழிச்சு, எஞ்சினைப் பிரிச்சுக் கட்டி, பெயிண்ட் அடிச்சு, குரோம் போட்டு ஓட்டுற பட்டணத்துப் பிள்ளைகளுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

மதுரையில இருந்து விருதுநகர், சாத்தூர் வழியா போற நாலுவழிச் சாலையில சனி, ஞாயிறு ஆனா இந்த வண்டிகதான். எங்க ஊர் விலக்குல டீ குடிக்க நிறுத்துவாங்க. நிறுத்தும்போதே தெரிஞ்சிரும். ஆக்சிலேட்டரை விட்டா வண்டி அணைஞ்சிரும். அணையக் கூடாதுன்னு கையை முறுக்கி முறுக்கிப் பிடிச்சிக்கிட்டே நிப்பாங்க. "என்ன தம்பி, ஸ்லோ நிக்கலையா?"ன்னு கேட்டா, பத்துக்கு ஒன்பது பேர் ஒரே பதிலைத்தான் சொல்றாங்க. "எஞ்சின் எல்லாம் புதுசுங்க. கார்ப்புதான் சரியில்ல, வேற கார்ப்பு ஆர்டர் போட்டிருக்கேன்."

இந்தப் பதிலோடதான் எனக்குச் சண்டை. எஞ்சினைப் பிரிச்சுக் கட்டுறதுக்கு முன்னாடி ஒழுங்கா நின்ன ஸ்லோ, கட்டுனப்புறம் நிக்கலைன்னா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது கட்டுன வேலையைத்தானே? கார்ப்பு என்ன பாவம் பண்ணுச்சு?

கரிசக்காட்டுல மக்காச்சோளமும் பருத்தியும் போடுறவனுக்கு எஞ்சினைப் பத்தி என்ன பேச்சுன்னு சிலர் நினைக்கலாம். எங்க கிணத்துக்கு கரண்டு வர்றதுக்கு முன்னாடி ஆயில் எஞ்சின்தான். விடியக்காலம் எஞ்சினை ஓட்டிவிட்டுட்டு, கடைசிப் பாத்தியில மம்பட்டியோட நிப்போம். எஞ்சின் சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கும். சத்தம் ஏறி இறங்குனா டீசல் லைன்ல காத்து புகுந்திருக்குன்னு அங்க இருந்தே சொல்லுவோம். படிச்சு வந்த அறிவு இல்ல, தண்ணி நின்னுட்டா பயிர் காயும்ங்கிற பயத்துல வந்த அறிவு. அந்தக் காதோட கேக்கிறதாலதான் உங்க வண்டி நிக்கிற கோலம் மனசுக்கு உறுத்துது.

முதல்ல ஸ்லோன்னா என்னன்னு பாப்போம். நம்ம பழைய புல்லட் 350, நாலு ஸ்ட்ரோக், ஒத்த சிலிண்டர். போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. நிமிஷத்துக்கு 900 சுத்து ஸ்லோவுல ஓடுதுன்னு வச்சுக்கோங்க. ரெண்டு சுத்துக்கு ஒரு வெடி. அப்ப நிமிஷத்துக்கு 450 வெடி, செகண்டுக்கு ஏழரை. இந்த ஏழரையும் ஒரே மாதிரி வெடிச்சாத்தான் அந்த 'தட் தட்' ஒழுங்கா கேக்கும். நடுவுல ஒண்ணு தப்புனாலே வண்டி நொண்டும், ரெண்டு மூணு சேந்து தப்புனா நின்னுரும்.

வெடிக்கு அளவு உண்டு. பட்டாசுக்கு வெடியுப்பும் கந்தகமும் அளவா சேக்கிற மாதிரி, இங்க பெட்ரோலும் காத்தும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்குல 14.7 பங்கு காத்துங்கிறது ஏட்டுக் கணக்கு. இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஆக்சிலேட்டரை முழுசா திறந்தா எஞ்சின் காத்தை அள்ளி அள்ளிக் குடிக்கும். அப்ப கார்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவுல ஊசி முனை சந்து வழியா கொஞ்சம் காத்து புகுந்தாலும் அது கடல்ல கரைச்ச பெருங்காயம். தெரியவே தெரியாது. ஸ்லோவுல அப்படி இல்ல. கார்ப்பு வழி கிட்டத்தட்ட மூடியிருக்கும், எஞ்சின் குடிக்கிறதே கொஞ்சூண்டு காத்து, உள்ள இழுப்பும் ஜாஸ்தி. அந்த நேரத்துல அதே ஊசிச் சந்து வழியா வர்ற காத்து பெரிய பங்கு ஆயிரும். கலவை மெலிஞ்சு போகும், வெடி தப்பும்.

வால்வும் அப்படித்தான். லேசா கசியுற வால்வு வேகத்துல தெரியாது, கசியறதுக்கு நேரம் கிடைக்காது. ஸ்லோவுல நேரம் நிறைய இருக்கு, அமுக்கம் வெளிய போயிரும்.

அதனால "அறுபதுல நல்லாத்தான் போகுது, சிக்னல்லதான் நிக்குது, அதனால எஞ்சின் நல்லாருக்கு"ன்னு சொல்றது தப்பான கணக்கு. கட்டுன வேலையில இருக்கிற குறை ஸ்லோவுலதான் வெளிய தெரியும். அதை மறைக்க ஸ்டாப் ஸ்குரூவை உள்ள திருகி 1500 சுத்துல ஓடவிடுறது, காய்ச்சலுக்கு மாத்திரையைப் போட்டு பள்ளிக்கூடம் அனுப்புற மாதிரி. புள்ள போகும், நோவு போகாது.

நடந்த கதை ஒண்ணு சொல்றேன். என் தங்கச்சி மகன் சென்னையில கம்ப்யூட்டர் வேலை. சாத்தூர் பக்கம் ஒருத்தர் வீட்டுத் தொழுவத்துல சும்மா கிடந்த எண்பதுகள் புல்லட் ஒண்ணை வாங்கினான். அன்னைக்கு நானும் கூடப் போனேன். துருப்பிடிச்சிருந்துச்சு, புகை தள்ளுச்சு, ஆனா மிதிச்சு எழுப்புனதும் ஸ்லோ கடிகாரம் மாதிரி நின்னுச்சு. சென்னைக்குக் கொண்டு போய் ஒரு பெரிய கடையில குடுத்தான். போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, வால்வு மாத்தி, ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துட்டு திறந்த ஃபில்டர் மாட்டி, சைலன்சரையும் மாத்தி, மூணு மாசம் கழிச்சுக் குடுத்தாங்க. கண்ணாடி மாதிரி வண்டி. ஸ்லோ மட்டும் நிக்கல. திரும்பக் கொண்டு போனான், புது கார்ப்பு. நிக்கல. இன்னொரு கார்ப்பு, கூடவே காயில், கண்டென்சர். அப்பவும் நிக்கல. கடைசியில கடைக்காரர் சொன்னது: "பழைய புல்லட் இப்படித்தான் சார், பழகிக்கோங்க."

பங்குனிப் பொங்கலுக்கு அதுலயே ஊருக்கு வந்தான். "வாடா மாப்ள, நம்ம அண்ணாச்சிகிட்ட காட்டுவோம்"னு கூட்டிட்டுப் போனேன். தகரக் கொட்டகை, ஒரு மரப்பெட்டி சாமான், அம்புட்டுத்தான் அவர் ஒர்க்ஷாப்.

"மாமா, எஞ்சின் புதுசு. இவர் கார்ப்பை மட்டும் டியூன் பண்ணுனா போதும்"னு என் காதுல சொல்றான்.

அண்ணாச்சிக்கு அது கேட்டுருச்சு. "தம்பி, இது முன்னாடி ஸ்லோ நின்னுச்சா?"ன்னார். "நின்னுச்சு"ன்னான். "அப்ப எங்க எங்க கை வச்சாங்களோ அங்கதான் இருக்கும். கை படாத இடத்தை விட்டுருவோம்."

வண்டியை ஓடவிட்டு கால் மணி நேரம் சும்மா நின்னு கேட்டார். அப்புறம் ஒரு விரல் கிரீஸை எடுத்து, கார்ப்பு ஹெட்டோட சேர்ற ஜாயிண்ட்டைச் சுத்தி அப்புனார். நொண்டிக்கிட்டு இருந்த சத்தம் சட்டுனு நேராச்சு. கொஞ்ச நேரத்துல கிரீஸை உள்ள இழுத்துட்டு மறுபடி நொண்டுச்சு. அம்புட்டுத்தான் சோதனை. செலவு ஒரு விரல் கிரீஸ்.

கார்ப்பைக் கழட்டி, ஃபிளான்ஜ் மேல ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிமித்தி வச்சு, வெளிச்சத்துக்கு நேரா காட்டுனார். நடுவுல வெளிச்சம் தெரியுது. ரெண்டு நட்டையும் வெறி பிடிச்ச மாதிரி முடுக்குனதுல ஃபிளான்ஜ் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. நடுவுல இருக்க வேண்டிய தடி ஸ்பேசரும் இல்ல, வெறும் பேப்பர் பேக்கிங். புதுசா போட்ட ரெண்டாவது கார்ப்பையும் அதே கை அதே மாதிரி முடுக்கி வளைச்சிருக்கு. எத்தனை கார்ப்பு வாங்குனாலும் எப்படிங்க நிக்கும்?

கண்ணாடித் துண்டு மேல உப்புத்தாளை விரிச்சு, ஃபிளான்ஜை எட்டு போடுற மாதிரி தேச்சுத் தேச்சு மட்டம் பண்ணுனார். ஸ்பேசரும் புது பேக்கிங்கும் வச்சு, ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி, அளவா முடுக்குனார். அதோட விடல. டேப்பெட் மூடியைத் திறந்து பாத்தா எக்ஸாஸ்ட் புஷ்ராடு சுத்தவே இல்ல, இறுகிக் கிடக்கு. புது ஹெட் பேக்கிங் போட்டு ஓட்டுனா கொஞ்சம் அமுங்கி உக்காரும், அப்ப டேப்பெட் இறுகும், அதனால கொஞ்சம் ஓடுனப்புறம் திரும்பப் பாக்கணும். வண்டி மூணு தடவை கடைக்குப் போயும் ஒருத்தரும் அந்த மூடியைத் திறக்கல. இறுகுன வால்வு முழுசா மூடாது. ரொம்ப நாள் அப்படியே ஓட்டியிருந்தா வால்வே கருகியிருக்கும்.

சாயந்திரம் வண்டி ஸ்லோவுல நின்னுச்சு. கடையில போட்ட ரெண்டு கார்ப்பு, காயில், கண்டென்சர் விலை எட்டாயிரத்துக்கு மேல. அண்ணாச்சி கேட்டது நானூறு ரூவா.

சரி, இப்ப பட்டணத்துல சொல்ற மூணு சாக்கையும் ஒண்ணொண்ணா பாப்போம்.

முதல் சாக்கு: "பழைய புல்லட் இப்படித்தான்." இதைச் சொல்றவங்க அந்த வண்டியை அவமானப்படுத்துறாங்க. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் சேந்து இங்க ஆரம்பிச்ச தொழில், திருவொற்றியூர் ஃபேக்டரியில பல பத்து வருஷம் இந்த எஞ்சினைச் செஞ்சுது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஓடுன வண்டி. ஆடும், அது உண்மை. நீள ஸ்ட்ரோக், கனமான ஃபிளைவீல், ஒத்த பிஸ்டன், ஆடத்தான் செய்யும். ஆனா ஆடுறது வேற, நொண்டுறது வேற. கிழவி ஆடி ஆடி நடந்தாலும் அடி ஒரே சீராத்தான் விழும். சீரா இல்லைன்னா எங்கயோ கோளாறு.

ரெண்டாவது சாக்கு: "ஹாட் ராட் எஞ்சின் எல்லாம் அப்படித்தான் ஓடும், வீடியோவுல பாருங்க." பாத்தேன். அமெரிக்காவுல 1930கள்ல இருந்து பையன்க பழைய ஃபோர்டு கார்களை உரிச்சு, எஞ்சினை முறுக்கேத்தி, கலிபோர்னியாவுல வறண்ட ஏரிப் படுகையில பந்தயம் விட்டாங்க. 1932ல வந்த ஃபோர்டு வி8 அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச எஞ்சின். வேகத்துக்காக கேமை மாத்துவாங்க. இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே நேரத்துல திறந்திருக்கிற நேரம் அதுல ஜாஸ்தி. அதனால ஸ்லோவுல புகைஞ்ச காத்து திரும்பி வந்து புதுக் கலவையோட கலக்கும், குலுங்கிக் குலுங்கி ஓடும். மேல் வேகத்துல பறக்கிறதுக்காகக் கீழ கொஞ்சம் விட்டுக்குடுக்கிறது அது, தெரிஞ்சே பண்ணுறது. நம்ம ஊருலயும் சோழவரம் பழைய விமான ஓடுதளத்துல பந்தயம் விட்டவங்க அந்தக் கணக்கோடதான் எஞ்சின் கட்டுனாங்க. உங்க வண்டியில இருக்கிறது கம்பெனி கேம். பந்தயமும் கிடையாது, திருமங்கலம் டோல்கேட்டைத் தாண்டி புரோட்டா சாப்பிடப் போறீங்க. அவங்க நொண்டலுக்குக் காரணம் இருக்கு. உங்க நொண்டலுக்கு வளைஞ்ச ஃபிளான்ஜ்தான் இருக்கு.

மூணாவது சாக்கு: "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல்னால." இதுல பாதி நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். 2025ல பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வரைக்கும் வந்தாச்சு. எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கிறதால பழைய ஜெட் அளவுக்குக் கலவை கொஞ்சம் மெலியும். ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் டியூபையும் வாஷரையும் ஊதிப்போக வைக்கும். மாசக் கணக்கா டேங்க்ல போட்டு வச்சா தண்ணி அடியில தங்கும். ஆனா ஊர்ல ஓடுற எல்லா வண்டிக்கும் அதே பங்க், அதே பெட்ரோல்தான். பால்காரர் புல்லட் நிக்குது, உங்களது நிக்கலைன்னா பெட்ரோலை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்ல.

அப்ப எந்த வரிசையில பாக்கிறது? அண்ணாச்சி பாக்கிற வரிசையைச் சொல்றேன். இதுல கார்ப்பு கடைசி.

முதல்ல டேப்பெட். எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும். பிஸ்டன் மேல வந்து ரெண்டு வால்வும் மூடுன நிலையில, புஷ்ராடு விரலால சுத்துனா லேசா சுத்தணும், மேலயும் கீழயும் ஆட்டம் இருக்கக் கூடாது.

அடுத்து அமுக்கம். கிக்கரை மெல்ல மிதிச்சா காலைத் தாங்கி நிக்கணும், புஸ்ஸுன்னு இறங்கக் கூடாது. இறங்குனா டீகம்ப்ரஸர் சரியா மூடுதான்னு முதல்ல பாருங்க, கேபிள் இறுகியிருந்தாலே கசியும். அப்புறம்தான் வால்வு சீட்டிங். ஹெட்டைக் கழட்டி, பிளக்கை மாட்டி, கவுத்து வச்சு, குழிக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்தி விட்டா, கசியுற வால்வு வழியா போர்ட்டுக்குள்ள ஈரம் காட்டிக்குடுக்கும்.

மூணாவது ஏர் லீக். மேல சொன்ன கிரீஸ் வைத்தியம், இல்லைன்னா ஜாயிண்ட்ல லேசா தண்ணி தெளிச்சுப் பாக்கிறது. சத்தம் மாறுனா அங்கதான் ஓட்டை. சிலர் வீடியோவுல பெட்ரோலையும் ஸ்பிரேயையும் ஓடுற எஞ்சின் மேல அடிச்சுப் பாக்கச் சொல்றாங்க. நாங்க சிவகாசியைச் சுத்தி வாழுறவங்க. மருந்து அறைக்குள்ள இரும்புச் சாமான் கொண்டு போகக் கூடாதுன்னு சின்ன வயசுலயே கேட்டு வளந்தவங்க. சூடான சைலன்சர், பாயிண்ட்ல பொறி, அது மேல பெட்ரோலா? வேண்டாம் சாமி.

நாலாவது பொறி. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட் முகம் கருகியிருந்தா கண்டென்சரைப் பாருங்க. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தா ஸ்லோ ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். அதுக்கு கார்ப்பைத் திருகி ஒண்ணும் ஆகாது. பிளக்கைக் கழட்டி நிறத்தையும் பாருங்க. கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி, செங்கல் பழுப்பு இருந்தா சரி.

இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் கார்ப்பு. அதுலயும் ஸ்லோவுக்கு வேலை செய்யுறது பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும். மெயின் ஜெட்டை மாத்திக்கிட்டே இருந்தா ஸ்லோ சரியாகாது, அது வேகத்துக்கு உள்ளது. ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துட்டு, சைலன்சரையும் மாத்திட்டு, ஜெட்டை மட்டும் பழசாவே விட்டா கலவை மெலியத்தான் செய்யும். ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சர்ல படபடன்னு வெடிக்குதே, அதை ஸ்டைல்னு நினைக்கிற பிள்ளைக இருக்காங்க. பட்டாசு வேணும்னா எங்க ஊருக்கு வாங்க, கடையில வாங்கி வெடிங்க. எஞ்சின்ல எதுக்கு?

"இப்ப வர்ற வண்டி எல்லாம் இன்ஜெக்‌ஷன், கம்ப்யூட்டர் பாத்துக்கும், இந்தப் பேச்செல்லாம் பழசு"ன்னு ஒருத்தர் சொன்னார். 2020 ஏப்ரல்ல இருந்து பி.எஸ்.6 வந்து கார்ப்பு போயிருச்சு, வாஸ்தவம். ஆனா அதுலயும் இன்டேக் ரப்பர் வெடிச்சா திருட்டுக் காத்து புகத்தான் செய்யும். கம்ப்யூட்டர் கொஞ்ச நாள் பெட்ரோலைக் கூட்டிக் குடுத்து சமாளிக்கும், அப்புறம் விளக்கு எரியும். ஸ்கேனர் கலவை சரியில்லைன்னு சொல்லும். எந்த ரப்பர்ல எந்த வெடிப்புன்னு சொல்லாது. அதுக்கு ஒரு ஆள் குனிஞ்சு பாக்கணும்.

அந்த ஆளைப் பத்தித்தான் என் உண்மையான கோவம். பட்டணத்துல பில்லுல என்ன இருக்கு? பாகத்தோட விலை, மாட்டுன கூலி. என்ன நோவுன்னு கண்டுபிடிச்சதுக்கு ஒரு வரி கிடையாது. காசு பாகத்துக்குத்தான்னு ஆனப்புறம் கடைக்காரன் ஏன் கால் மணி நேரம் நின்னு கேப்பான்? மாத்திக்கிட்டேதான் இருப்பான். அவனை மட்டும் திட்ட மாட்டேன், நீங்களும்தான் அப்படிப் பழக்கிட்டீங்க. எண்பதாயிரத்துக்கு குரோமும் பெயிண்ட்டும் கேள்வி கேக்காம குடுத்த என் மருமகன், அண்ணாச்சி நானூறு கேட்டதும் "ஒண்ணுமே மாத்தலையே, நானூறா?"ன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஒண்ணும் மாத்தாம சரி பண்ணுனதுக்குத்தான்டா கூலி, அதுதான் வேலைன்னு சத்தம் போட்டு ஐநூறு வாங்கிக் குடுத்தேன்.

எங்க ஊர்ப்பக்கம் தொழில்னா என்னன்னு தெரியும். 1920கள் தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனது சரக்கு வாங்கி வந்து விக்கிறதுக்கு இல்ல, தீப்பெட்டி செய்யுற வித்தையைக் கத்துக்கிட்டு வர்றதுக்கு. அந்த வித்தைதான் மழை இல்லாத இந்தப் பூமிக்குச் சோறு போட்டுச்சு. கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரிச்சு மாட்டித்தான் எஞ்சினைக் கத்துக்கிட்டார்னு ஊரே பேசும். வித்தைக்கு மரியாதை குடுத்த நாடு இது.

இப்ப கிணத்துக்கெல்லாம் கரண்டு மோட்டார், ஆயில் எஞ்சினை எடைக்குப் போட்டாச்சு. அண்ணாச்சிக்கு மிச்சம் இருக்கிறது பழைய பைக்கும் ரெண்டு மூணு டிராக்டரும். அவர் மகன் இந்த வேலைக்கு வரல, அச்சாபீஸ்ல மெஷின் ஓட்டப் போயிட்டான். "நானூறு ரூவாய்க்கு பேரம் பேசுறாங்க, இதுல என்னத்துக்கு அவனை இழுத்து விட"ன்னு அண்ணாச்சியே சொல்றார். இன்னும் பத்து வருஷத்துல உங்க புல்லட் பளபளன்னுதான் இருக்கும். ஃபிளான்ஜை வெளிச்சத்துல காட்டிப் பாக்க ஆள் இருக்காது.

அதனால கேட்டுக்கிறேன். வண்டி பிரிச்சுக் கட்டக் குடுக்கும்போதே, முன்னாடி ஸ்லோ எப்படி நின்னுச்சுன்னு போன்ல சத்தத்தைப் பதிஞ்சு வச்சுக்கோங்க. வாங்கும்போது பெயிண்ட்டைத் தடவிப் பாக்கிறதுக்கு முன்னாடி, எஞ்சினைச் சூடாக்கி, கையை எடுத்துட்டு பத்து நிமிஷம் நில்லுங்க. நொண்டுனா வாங்காதீங்க. "வேற கார்ப்பு போடுறோம்"னு சொன்னா, "ஏர் லீக் பாத்தீங்களா, டேப்பெட் திறந்தீங்களா"ன்னு கேளுங்க. பாகம் எதுவும் மாத்தாம ஒருத்தர் சரி பண்ணிட்டார்னா, அவர் கேக்கிற காசுக்கு மேல ஒரு நூறு சேத்துக் குடுங்க. எங்க விலக்குல அண்ணாச்சி கொட்டகை காலையில எட்டு மணிக்குத் திறந்திருக்கும். வர்றவங்க அரை நாள் அவகாசத்தோட வாங்க, அவசரம்னு சொல்லாதீங்க.